கம்பா, கராத்தேயா, கிக் பாக்சிங்கா?

கேள்வி: எனக்கு வயது 34. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். ஏதாவது ஒரு தற்காப்புக் கலை பழக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கணவர் கராத்தேயில் சேரச் சொல்கிறார். கூட வேலை பார்க்கும் பெண் கிக் பாக்சிங் போகலாம் என்கிறாள். என் அப்பா ஊரில் சிலம்பம் சுற்றியவர், ஆனால் எனக்குக் கற்றுத்தரவில்லை. பள்ளியில் கபடி ஆடியபோது இடது முழங்காலில் அடிபட்டது, மாடி ஏறினால் இன்றும் வலிக்கும். இருப்பதிலேயே சிறந்த கலை எது? இந்த வயதில் தொடங்கினால் வருமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புத் தோழிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வரும். நான் கராத்தே பழகத் தொடங்கியபோது எனக்கு 36 வயது. பத்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். முதல் வாரம் கூச்சமாக இருந்தது, மாதம் முடிவதற்குள் அது போய்விட்டது. பிள்ளைகள் பார்த்ததும் பிடித்துக்கொள்வார்கள். நமக்குக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

சிறந்த கலை எது என்று பத்து ஆசான்களைக் கேட்டால் பத்துப் பேரும் அவரவர் கலையைத்தான் சொல்வார்கள். நான் உங்களிடம் வேறொன்று கேட்கிறேன். எதிரில் நிற்பவர் உங்களுக்கு எவ்வளவு கிட்டத்தில் வரலாம்? சண்டைக் கலை ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரம் உண்டு. சிலம்பத்தில் இருவருக்கும் நடுவில் கம்பு இருக்கிறது. டேக்வாண்டோவில் கால் நீளம், பாக்சிங்கில் கை நீளம். ஜூடோவில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சோடு நெஞ்சு நிற்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் பிடித்து இழுப்பது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், ஜூடோ எவ்வளவு நல்ல கலையாக இருந்தாலும் மூன்றாவது வாரம் வகுப்புக்குப் போக மனசு வராது.

நீங்கள் கபடி ஆடியவர். பிடிப்பதும் விழுவதும் உங்களுக்குப் புதிதல்ல. முழங்கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால் யோசிக்காமல் ஜூடோ என்று சொல்லியிருப்பேன். 1882-ல் ஜப்பானில் ஜிகோரோ கானோ உருவாக்கிய கலை அது. அதில் எதிராளியைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே அடிபடாமல் விழக் கற்றுத்தருவார்கள். மோவாயை நெஞ்சோடு சேர்த்து, கையால் மெத்தையை ஓங்கி அறைந்து, பின்மண்டை தரையில் மோதாமல் விழ வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் குளியலறையில் வழுக்குகிறவர்களுக்கும் இதைவிட உதவுகிற பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் எறியும்போதும் எறியப்படும்போதும் முழங்கால் பக்கவாட்டில் திருகும். பழைய காயம் உள்ள காலுக்கு அது ஆகாது. அதே காரணத்துக்காக, தரையில் புரண்டு மல்லுக்கட்டும் பிரேசிலியன் ஜியு ஜிட்சுவும் இப்போதைக்கு வேண்டாம்.

டேக்வாண்டோ போட்டியில் குத்துக்கு 1 புள்ளிதான். உடம்பில் படும் உதைக்கு 2, தலையில் படும் உதைக்கு 3. அதனால் பயிற்சி முழுக்க உதையைச் சுற்றியே இருக்கும். ஊன்றிய காலைத் தரையில் திருப்பி மறுகாலை வீச வேண்டும், ஊன்றுவது இடது காலானால் உங்களுக்கு வலிக்கும். கிக் பாக்சிங்கிலும் இதே சிக்கல் உண்டு. அது போக, பல ஜிம்களில் அந்தப் பெயரில் நடப்பது பாட்டுப் போட்டு வியர்க்க வைக்கும் உடற்பயிற்சி. எதிரில் ஆள் நின்று பழகுகிற வகுப்பா என்று உங்கள் தோழியை விசாரிக்கச் சொல்லுங்கள். உதையே இல்லாத பாக்சிங் உங்கள் காலுக்கு இவற்றைவிட நல்லது, கயிறு தாண்டுவதை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கணவர் சொன்ன கராத்தேயில் பல பாணிகள் இருக்கின்றன. ஷோடோகானில் நிலைகள் நீளமாகவும் தாழ்வாகவும் இருக்கும், முழங்கால் நன்றாக மடங்கி நிற்க வேண்டும். கோஜு ரியூ நிலைகள் பெரும்பாலும் குறுகலானவை. பெயர்ப் பலகையில் கராத்தே என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பாணி என்று கேளுங்கள். கராத்தேயில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டா. குத்தையும் தடுப்பையும் உதையையும் ஒரு வரிசையில் கோத்திருப்பார்கள், வீட்டு மொட்டை மாடியில் தனியாகவே செய்து பார்க்கலாம். உங்களைப் போல நேரம் கிடைக்காதவர்களுக்கு அது பெரிய வசதி.

சரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனதில் வந்தது சிலம்பம்தான். அப்பா கற்றுத்தரவில்லை என்று எழுதிய வரியில் ஓர் ஏக்கம் தெரிகிறது. கலையைத் தொடர்ந்து பழக அப்படி ஒரு ஆசை வேண்டும். சிலம்பத்திலும் திரும்பும் காலடிகள் உண்டு, ஆனால் கால் உயரமாக எழாது, தொடக்கத்தில் வேகத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். சில ஆசான்கள் முதல் நாட்களில் கம்பையே கையில் தர மாட்டார்கள். வெறுங்கையோடு காலடி பழகச் சொல்வார்கள். சலிக்காதீர்கள், சிலம்பத்தின் உயிரே காலடியில்தான் இருக்கிறது. கம்பு கைக்கு வந்த பிறகு முழங்கையிலும் காதோரத்திலும் படும், உள்ளங்கையில் கொப்புளம் வரும், மணிக்கட்டு வலிக்கும். எல்லோருக்கும் வருவதுதான்.

ரோட்டில் கம்போடு போக முடியுமா என்று கேட்பீர்கள். குத்துவரிசை என்று வெறுங்கைப் பயிற்சி சிலம்பத்தோடு சேர்ந்தே வரும். அதைச் சொல்லித்தருகிற ஆசானைத் தேடுங்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது இருக்கிறது. இதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பல வகுப்புகள் பிள்ளைகளைப் போட்டிக்குத் தயார் செய்வதிலேயே முனைப்பாக இருக்கின்றன. உங்களுக்கு அலங்கார வீச்சு மட்டும் போதாது. எதிரில் ஆள் நின்று கம்பால் தொடும் தொடுமுறையும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் வேலை நேரத்துக்குக் காலை வகுப்புதான் சரிப்படும். பணம் கட்டாமல் இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தவறாகச் செய்கிறவரிடம் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார், புதியவர்களைப் பழையவர்களோடு மோத விடுகிறாரா, உங்கள் வயதுப் பெண்கள் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். முழங்காலைப் பற்றிச் சொன்னால் என்ன பதில் வருகிறது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். நான் முதலில் சேர்ந்த இடத்தில் இரண்டாவது மாதமே என்னைச் சண்டையில் இறக்கிவிட்டார்கள். விலாவில் உதை விழுந்து, மூன்று வாரம் மூச்சை இழுத்தாலே வலித்தது. தாங்கிக்கொள்ள வேண்டும் என்றார் ஆசிரியர். அதோடு நின்றுவிட்டேன். ஒரு வருடம் கராத்தேயையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் வேறொரு ஆசிரியரிடம் போனபோதுதான், குறை கலையில் இல்லை என்று தெரிந்தது. இன்றும் அவரிடம்தான் பழகுகிறேன்.

ஒரே வருடத்தில் பிளாக் பெல்ட் என்று எழுதி வைத்திருந்தால் அங்கே சேராதீர்கள். கராத்தேயில் ஒழுங்காகப் பழகினாலே நான்கைந்து வருடம் ஆகும். மாதக் கட்டணத்தோடு பெல்ட் தேர்வுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவுப் பயணத்தை நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆறு மாதப் பயிற்சியில் ஒரு முரடனை அடித்து வீழ்த்திவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்லும் வகுப்பையும் நம்பாதீர்கள். யாராவது கையைப் பிடித்தால் உறைந்து நிற்காமல் உதறிவிட்டு, சத்தம் போட்டு விலகி ஓட முடியும். அந்த அளவுக்குப் பயிற்சி உதவும். அவசர உதவிக்கான 112-ம் பெண்கள் உதவிக்கான 181-ம் போனில் இருக்கட்டும்.

சேர்வதற்கு முன் முழங்காலை எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம், அப்பாவின் கம்பு இன்னும் வீட்டில் இருந்தால் முதல் நாள் அதை எடுத்துப் போகாதீர்கள். அது அவர் உயரத்துக்கு வெட்டியதாக இருக்கும். நேராக நிறுத்தினால் உங்கள் நெற்றி மட்டத்துக்கு வருகிற, கனமில்லாத கம்பாக ஆசானே பார்த்துத் தருவார்.