நலம் கேளுங்கள்: தண்ணீர் உப்பின் பின்னால்தான் போகும்

வயிற்றுப்போக்கின்போது வெறும் தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் தேறுவதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்தால் மட்டும் எப்படி உடம்பில் சேர்கிறது?
– வாசகி, கும்பகோணம்

குடல் சுவரில் தண்ணீரை இழுக்கவென்று தனி பம்ப் கிடையாது. கரைபொருள் எந்தப் பக்கம் செறிவாக இருக்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். எனவே குடல் உப்பைத்தான் நகர்த்துகிறது. தண்ணீர் பின்னாலேயே வருகிறது.

சிறுகுடல் செல்களில், உணவு போகும் குழியைப் பார்த்த பக்கத்தில், எஸ்ஜிஎல்டி-1 என்றொரு புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகளை ஒரு குளுக்கோஸோடு ஜோடி சேர்த்துத்தான் அது உள்ளே விடும். செல்லின் மறுபக்கத்திலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப் அந்தச் சோடியத்தைப் பக்கத்துச் செல்லுடனான இடுக்கில் தள்ளுகிறது. இடுக்கில் உப்பு ஏறியதும் தண்ணீரும் அங்கே பாய்ந்து, ரத்த நுண்குழாய்களுக்குள் போய்விடுகிறது.

நாம் குடிப்பது நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல்நீர் என்று உடம்பே சுமார் 7 லிட்டரைக் குடலில் ஊற்றுகிறது. இத்தனையும் உறிஞ்சப்பட்டு, மலத்தோடு வெளியேறுவது 100–200 மில்லிதான். வயிற்றுப்போக்கில் சில மணி நேரத்திலேயே ஆள் துவண்டுவிடுவது ஏன் என்பது இந்தக் கணக்கிலிருந்தே புரியும்.

காலராவில் கிருமியின் நச்சு குளோரைடு வாசலைத் திறந்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் கூடவே போகின்றன. ஆனால் அந்த நச்சு எஸ்ஜிஎல்டி-1-ஐத் தொடுவதில்லை. ஓஆர்எஸ் எனப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது அந்த வழியில்தான். 1971-ல் வங்கதேச அகதிகள் தங்கிய, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இதைப் பெரிய அளவில் கொடுத்துக் காட்டினார். சாவு வெகுவாகக் குறைந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஓஆர்எஸ் போக்கை நிறுத்தாது, இழந்த நீரை ஈடுகட்டும். "இன்னும் போகிறதே" என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

குழந்தை குடிக்க மறுத்தால் கூடுதலாகச் சர்க்கரை சேர்க்கலாமா? குளிர்பானம் தரலாமா?
– வாசகர், தேனி

இரண்டும் வேண்டாம். சர்க்கரை மிஞ்சினால் குடலுக்குள் இருக்கும் கரைசல் ரத்தத்தைவிடச் செறிவாகி, தண்ணீர் எதிர்த்திசையில் குடலுக்குள் இறங்கும், போக்கு கூடும். குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது, சோடியமோ பெயரளவுக்குத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவு, ஒரு லிட்டருக்கு: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. இதில் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோல் (எடையை அல்ல, துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). பழைய கலவையில் இரண்டுமே கூடுதலாக இருந்தன. வாந்தியையும் போக்கின் அளவையும் குறைக்கவே மாற்றினார்கள்.

ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. முழுப் பொட்டலத்தையும் அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள்; 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே: மாவுச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைவதால் செறிவு ஏறாது.

கொடுத்ததும் வாந்தி எடுத்தால்?
– வாசகி, திருப்பூர்

10 நிமிடம் விட்டு, ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு போக்குக்கும் 50–100 மில்லி. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்து, சோர்ந்து கிடந்தாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.