கடிதம்: தியானம் பண்ணா எக்ஸாம் பயம் போகுமா?

வணக்கம் அக்கா,
இன்ஜினியரிங் செகண்ட் இயர் படிக்கிறேன். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், வீட்ல நான்தான் ஃபர்ஸ்ட் கிராஜுவேட். மேத்ஸ்ல நல்ல மார்க் எடுத்துட்டுதான் வந்தேன். இங்க ஒரு சார் கிளாஸ்லயே ‘கோட்டாவுல வர்றவங்களுக்கு மேத்ஸ் வராது’ன்னு சொல்லிட்டார். அதுலேர்ந்து கொஸ்டின் பேப்பரைப் பார்த்தாலே கை வேர்க்குது, தெரிஞ்ச கணக்கும் மறந்துடுது. மைண்ட்ஃபுல்னெஸ் தியானம் பண்ணா சரியாகும்னு ஃப்ரெண்ட் சொல்றா, நிஜமா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,
அந்த சார் சொன்னது பொய், அதை முதல்ல மனசுல வாங்கிக்கோ. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டேன்னு ரெண்டு பேர் உத்தரப் பிரதேச கிராமத்துப் பசங்களுக்கு பேப்பர்ல வழி கண்டுபிடிக்கிற புதிர் குடுத்துப் பார்த்தாங்க, 2006ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு. சாதியைச் சொல்லாதவரைக்கும் எல்லாப் பசங்களும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் போட்டாங்க, அப்பா பேரு தாத்தா பேரு சாதின்னு எல்லார் முன்னாடியும் சொன்னதும் ஒடுக்கப்பட்ட சாதிப் பசங்களோட ஸ்கோர் மட்டும் இறங்கிடுச்சு. அதே பசங்க, அதே மாதிரி புதிர்தான்!

உனக்கும் அதுதான் நடக்குது. இன்டக்ரேஷன் போட்டுட்டு இருக்கும்போதே ‘இது தப்பாச்சுன்னா அவர் சொன்னது சரின்னு ஆயிடுமே’ன்னு உள்ள இன்னொண்ணு ஓடும், நடுவுல ஒரு மைனஸ் விட்டுப்போகும், விடை வராது, பயம் இன்னும் ஏறும்.

தியானம் இங்க கொஞ்சம் உதவும். 2012ல வந்த ஒரு ஆய்வுல மேத்ஸ் டெஸ்டுக்கு முன்னாடி காலேஜ் பொண்ணுங்களை அஞ்சு நிமிஷம் உலர்திராட்சையை கவனிச்சு மெதுவா சாப்பிட வெச்சாங்க (இதுவும் ஒரு மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சிதான்), ‘பொண்ணுங்களுக்கு கணக்கு வராது’ங்கிற பேச்சோட பாதிப்பு அவங்ககிட்ட குறைஞ்சுது. சின்ன ஆய்வுதான். 2018ல நெதர்லாந்துல 2,000 ஸ்டூடண்ட்ஸுக்கு மேல வெச்சுப் பார்த்தப்போ (இதுல தியானம் இல்ல) அந்தப் பேச்சோட பாதிப்பே தெரியல. ஆய்வுகளே ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல, அதனால தியானம் எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு யார் சொன்னாலும் நம்பாதே.

ஆனா பழகிப் பாரு, தினமும் கொஞ்ச நேரம். மனசை காலியாக்கணும்னு இல்ல. எண்ணம் வந்தா வந்திருக்குன்னு கவனிச்சுட்டு மூச்சுக்கு திரும்பி வரணும், அவ்வளவுதான். ஹால்லயும் அதே. அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தா அதோட சண்டை போடாதே, காலைத் தரையில நல்லா ஊனிட்டு ஒரு மூச்சு விட்டுட்டு பேனா நின்ன வரிக்கே போ. இந்தப் பதட்டம் வெளியிலேர்ந்து வந்தது, என் மூளையில குறை இல்லன்னு தெரிஞ்சு வெச்சுக்கிறதும் பெரிய பலம். 2005ல அமெரிக்காவுல டெஸ்டுக்கு முன்னாடி பொண்ணுங்ககிட்ட இதை விளக்கினதுமே பசங்களுக்கும் அவங்களுக்கும் மேத்ஸ்ல வித்தியாசம் இல்லாம போச்சு.

அதுக்காக அவர் பாட்டுக்கு பேசட்டும், நீ மூச்சைக் கவனிச்சுட்டு உக்காருன்னு நான் சொல்லமாட்டேன். எனக்கு அதுலதான் கோவமே வருது. அவர் என்ன வார்த்தை சொன்னார், எந்த தேதி, எந்த பீரியட்னு இன்னிக்கே எழுதி வை. அதைக் கேட்ட ரெண்டு பேரைக் கூட்டிட்டு ஹெச்ஓடிகிட்ட எழுத்துலயே குடு, அவர் கண்டுக்கலன்னா பிரின்சிபால்கிட்ட போ. தனியா மட்டும் போகாதே.

அன்புடன், அக்கா