ஒரு மூலை உருகியது, மறு மூலை அடம்பிடிக்கிறது

கேள்வி: அக்கா, எங்கள் பழைய வீட்டுக் கதவுக் குமிழ்களைப் போலவே கண்ணாடியில் வார்க்கிறேன். பிளாஸ்டர் அச்சில் உடைந்த கண்ணாடியைப் போட்டு மின்சாரச் சூளையில் வைக்கிறேன். மீட்டர் 830 டிகிரி காட்டுகிறது. வலது பக்க அச்சுகள் நிறைகின்றன. இடது மூலையில் துண்டுகள் அப்படியே நிற்கின்றன. நிறைந்ததிலும் ஒன்று விரிசல் விட்டது. 870க்கு ஏற்றலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஏற்றாதீர்கள். வலது பக்கக் கண்ணாடி பிளாஸ்டரோடு ஒட்டிக்கொள்ளும். நான் அப்படி ஏற்றிவிட்டு ஒரு வாரம் சுரண்டியவள்.

மீட்டர் சொல்வது தெர்மோகப்பிள், அதாவது சூளைக்குள் நீட்டியிருக்கும் சூடு அளக்கும் கம்பி, அதன் நுனி இருக்கும் இடத்துச் சூட்டைத்தான். பணியாரச் சட்டியில் நடுக்குழி சிவந்து ஓரக்குழி வெளுத்திருப்பது போலத்தான் சூளையும். சட்டியைத் திருப்பி வைக்கலாம், இதை முடியாது. எனவே முதலில் குளிர்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஜன்னல் கண்ணாடியை ஒரே அளவில் ஐந்து பட்டைகளாக வெட்டி, நான்கு மூலையிலும் நடுவிலும் இரண்டு செங்கல் துண்டுகள் மேல் பாலம் மாதிரி வையுங்கள். 660 டிகிரியில் பத்து நிமிடம் நிறுத்தி அணையுங்கள். எதுவுமே தொய்யவில்லையா, மறுபடி 20 டிகிரி கூட்டிப் பாருங்கள். குறைவாகத் தொய்ந்த பட்டை இருக்கும் இடம்தான் குளிர்ந்த மூலை.

காரைக்குடியில் என் சூளையிலும் இடது பக்கம்தான் படுத்தியது. கதவிடுக்கில் சூடு தாங்கும் பஞ்சு வைத்தேன், சூடேற்றும் கம்பிச் சுருளான காயிலை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் எலக்ட்ரீசியன் தம்பி மீட்டர் வைத்துப் பார்த்தால், மாலை நேரத்தில் ஒரு பேஸில் மட்டும் 200 வோல்ட்! என்னுடையது மூன்று பேஸ் சூளை, இடது காயில் அந்த பேஸில்தான் ஓடியது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 என்றால் காயிலின் சூடு ஏறக்குறைய கால்வாசி போய்விடும். இப்போதெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்தான் சூளையைப் போடுகிறேன். உங்களுடையது ஒரே பேஸ் என்றால், மெயினை அணைத்துவிட்டு ஏதாவது காயில் அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அச்சுகளைத் தரையில் வைக்காமல் இரண்டு அங்குலம் தூக்கி வையுங்கள், அடியிலும் சூடு போகட்டும். ஏறும்போது 670 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் பின்தங்கிய மூலையும் வந்து சேரும். ஈர அச்சு தனியாகப் பின்தங்கும். நன்றாகக் காயவைத்தே உள்ளே வையுங்கள்.

விரிசல் வேறு சங்கதி. உடைந்த விளிம்பு கூராக இருந்தால் ஆறும்போது விட்டது, மழுங்கியிருந்தால் சூடேறும்போதே. ஆறும்போது என்றால், ஜன்னல் கண்ணாடியை 550 டிகிரி சுமாரில் சில மணி நேரம் நிறுத்தி, குமிழ் முழுவதும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே மெதுவாக இறக்க வேண்டும். ஆனால் பழைய வீட்டு வண்ணக் கண்ணாடியையும் பாட்டில் துண்டையும் கலந்து போட்டிருந்தால் எவ்வளவு மெதுவாக ஆற்றினாலும் விரிசல் விடலாம், ஒவ்வொன்றும் சுருங்கும் அளவு வேறு. எந்தக் கண்ணாடி என்று நீங்கள் எழுதவில்லையே! உடைந்த குமிழைத் தூக்கிப் போடாமல், விளிம்பைப் பார்த்து எழுதுங்கள்.