அந்த மேசையில் யார் உட்காருவது?

கேள்வி: நான் ஒரு நூலகத்தின் பொறுப்பாளர். ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வந்த ஒருவர் ஆறு மாதங்களாகத் தினமும் எங்கள் நூலகத்துக்கு வந்து படிக்கிறார். விஷயம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. இப்போது அவர் இருக்கும் மேசையில் யாரும் உட்காருவதில்லை. மூத்த வாசகி ஒருவர், "என் தம்பியைக் கொன்றவனும் எங்கேயோ இப்படித்தான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான்" என்று சொல்லி அழுதுவிட்டார். சிறையிலிருந்து வந்தவரை மேடையேற்றி அவர் கதையைச் சொல்லவைத்தால் எல்லோர் மனமும் இளகும் என்று நினைக்கிறேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் எண்ணம் நல்லது. அந்த மேடைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கதை கேட்டால் மனம் இளகும் என்பது உண்மைதான். 1997-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் பேட்சனும் அவருடைய குழுவினரும் ஒரு கொலைக் கைதியின் பேட்டி என்று சொல்லி ஓர் ஒலிப்பதிவைச் சிலரைக் கேட்கவைத்தார்கள். அவர் மனம் என்ன பாடுபடும் என்று கற்பனை செய்து பார்க்கும்படி சொல்லப்பட்டவர்களுக்கு, ஓரிரு வாரம் கழித்து வேறொரு சாக்கில் விசாரித்தபோது, கொலைக் கைதிகளைப் பற்றிய எண்ணமே சற்று மாறியிருந்தது. ஆனால் ஒலிப்பதிவில் பேசியவர் மறுநாள் காலை அதே ஆட்களின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. உங்கள் வாசகர் விழித்தாக வேண்டும். ஒன்பது ஆண்டுகள் அனுபவித்த தண்டனையை மைக் முன்னால் இன்னொரு முறை அனுபவித்தால்தான் ஒரு நாற்காலி கிடைக்கும் என்பது என்ன நியாயம்?

வெளியே ஏற்கெனவே அவருக்குப் போதுமான சோதனைகள் உண்டு. சமூகவியலாளர் டேவா பேஜர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், தகுதியில் ஒன்றுபோல இருந்த இளைஞர்களை வேலைக்கு விண்ணப்பிக்க அனுப்பினார். 2003-இல் முடிவு வெளியானது. வெள்ளையரில் சிறைக்குப் போகாதவர்கள் என்று காட்டியவர்களுக்கு 34 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. போனவர்கள் என்று காட்டியவர்களுக்கு 17. கறுப்பினத்தவரில் போகாதவர்களுக்கு 14, போனவர்களுக்கு வெறும் 5. 'உள்ளே இருந்தவன்' என்ற ஒரு வரி கதவை எப்படி அடைக்கிறது பாருங்கள்.

"மறுபடியும் செய்துவிட்டால்?" என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். குற்றவியல் ஆய்வாளர்கள் ஆல்ஃபிரட் ப்ளம்ஸ்டீனும் கிமினோரி நகாமுராவும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். ஒருமுறை கைதானவர் அதன்பின் பல ஆண்டுகள் கைதாகாமல் வாழ்ந்துவிட்டால், மீண்டும் கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்றவர்களின் அளவுக்கே இறங்கிவிடுகிறது. உங்கள் வாசகருக்கு ஆறு மாதம்தான் ஆகியிருக்கிறது என்பார்கள். ஆமாம். மீதி ஆண்டுகளை அவர் எங்கேயாவது வாழ்ந்துதானே கழிக்க வேண்டும்? ஒரு நூலகத்தைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த மூத்த வாசகியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். மனம் மாற்ற வேண்டியவர்களின் பட்டியலில் அவரைச் சேர்க்காதீர்கள். மன்னிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அவர் அருகில் உட்கார்ந்து தம்பியைப் பற்றிக் கேளுங்கள். அவன் பெயர் என்ன, எப்படிச் சிரிப்பான் என்று. தம்பியின் இழப்பை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்ற வேதனை அவர் அழுகையில் இருக்கலாம். அந்த மேசைப் பக்கம் அவர் கடைசிவரை போகாவிட்டாலும் அது அவர் இஷ்டம்.

மற்றவர்களுக்குச் சொற்பொழிவு வேண்டாம், சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள். கிழிந்த புத்தகங்களை ஒட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று அறிவியுங்கள். விருப்பமா என்று அவரிடம் முன்பே தனியாகக் கேட்டுவிடுங்கள். பசை எங்கே, அட்டை எங்கே என்று பேச ஆரம்பிப்பவர்களுக்கு நாளடைவில் வேறு பேச்சும் வரும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 'முன்னாள் கைதி' என்று அறிமுகப்படுத்தாதீர்கள்.

பிறகு எப்போதாவது தன் கதையைச் சொல்ல அவரே விரும்பினால், டென்மார்க்கில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய 'மனித நூலகம்' போலச் செய்யலாம். அங்கே புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரோடு உட்கார்ந்து பேசலாம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு.

அறிவிப்புக்கு முதலில் யாரும் வராமல் போகலாம். அப்படியானால் முதல் வாரம் நீங்களே பசை டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்காருங்கள்.