நர்சம்மா பதில்கள்: மூன்றாம் மாதத்துக் கண்டம்

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரம். இந்த முறை கடிதக் கட்டைப் பிரித்தால் நம் கடற்கரைக் கடிதங்கள்தான் அதிகம், அவற்றிலும் காசநோய் பற்றியவையே முக்கால்வாசி. அதனால் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள், போடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு 41 வயது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஒருநாள் தவறாமல் சாப்பிட்டார். இப்போது இருமல் இல்லை, 6 கிலோ எடை கூடியிருக்கிறது, சளியிலும் கிருமி இல்லையாம். ஜூன் 15 தொழிலுக்குப் போகணும், "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை" என்கிறார். நிறுத்தலாமா? – வாசகி, பாம்பன்

நிறுத்தக் கூடாது தங்கச்சி. இந்த ஒரு வரியை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

31 வருஷம் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்தேன். படுத்த படுக்கையாக வருகிற நோயாளியைக் கண்டு நான் பயந்ததைவிட, மூன்றாம் மாதத்தில் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தெம்பாக நடந்து வருகிறவரைக் கண்டுதான் அதிகம் பயந்திருக்கிறேன். முதல் இரண்டு மாதம் 4 மருந்துகள் சேர்ந்து அடிக்கின்றன: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால். வேகமாகப் பெருகுகிற கிருமிகள் அதில் செத்துவிடும். இருமல் நிற்பதும் பசி எடுப்பதும் அதனால்தான். ஆனால் அசையாமல் பதுங்கிக் கிடக்கிற கிருமிகளும் நுரையீரலில் உண்டு. அடுத்த 4 மாதம் 3 மருந்துகளைத் தொடர்வது அவற்றுக்காகத்தான். முதல் கட்டத்தில் 56 நாள், இரண்டாம் கட்டத்தில் 112 நாள், மொத்தம் 168 நாள் மாத்திரை. உங்கள் வீட்டுக்காரர் மூன்றில் ஒரு பங்குதான் தாண்டியிருக்கிறார்.

ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. அவரும் கடல் தொழிலாளிதான். தடைக்காலம் முடிந்ததும் படகேறினார், மாத்திரையை விட்டார். வாடைக்காற்று தொடங்கின சமயம் அவர் மனைவி தோளில் தாங்கி வார்டுக்குக் கொண்டுவந்தார். எடை 38 கிலோ. கட்டிலில் உட்கார்ந்ததும் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். பிரிக்காத மாத்திரை அட்டைகள், உப்புக் காற்றில் ஓரம் கறுத்துப்போயிருந்தன. "தூக்கிப் போட மனசு வரலம்மா" என்றார். பரிசோதனையில் ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்காது என்று வந்தது. பாதியில் விட்ட மருந்து, எஞ்சிய கிருமியை அதை எதிர்க்கப் பழக்கிவிடும். அப்புறம் வைத்தியமும் வேறு, மருந்தும் கடுமை.

வேலைக்கே போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், வீட்டில் உலை வைக்க வேண்டுமே. ஆனால் படகேறுமுன் டாக்டரிடம் காட்டி, கனமான வேலைக்கு உடம்பு தாங்குமா என்று கேளுங்கள். எத்தனை நாள் கடலில் என்று டி.பி. சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொன்னால் அத்தனை நாளுக்கு மாத்திரை தருவார். காற்று மாறித் திரும்ப நேரமாகலாம், மூன்று நான்கு நாளுக்குக் கூடுதலாகவே கேளுங்கள். அட்டையைப் பிரிக்காமல், இறுக்கமாக மூடுகிற டப்பாவில், இன்ஜின் சூடு படாத இடத்தில் வைக்கட்டும். விடிகாலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரைமணி முக்கால்மணி கழித்து டீயும் சாப்பாடும். வெறும் வயிற்றில் குமட்டினால் கொஞ்சம் கஞ்சியோடு போடலாம், விடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்து விழுங்கக் கூடாது. தவறிய நாளைக் கடைசியில் கூட்டிக்கொள்வார்கள். கேரளா பக்கம் தங்கி மீன்பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போனாலும் பயமில்லை. பதிவு கணினியில் இருப்பதால், சொல்லிவிட்டுப் போனால் அங்குள்ள அரசு மருத்துவமனையிலேயே மாத்திரை வாங்கலாம். சாராயம் மட்டும் கூடவே கூடாது. மாத்திரையும் அதுவும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது.

இன்னொன்று, படகுக்காரருக்கு இது முக்கியம். எத்தாம்பியூட்டால் சிலருக்குக் கண்ணைப் பாதிக்கும். முதலில் மங்குவது சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்கிற திறன்தான். ராத்திரியில் எதிரே வருகிற படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. அது குழம்பினால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். வாரம் ஒருமுறை சிவப்பு, பச்சை நைலான் கயிற்றுத் துண்டுகளை ஆறடி தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நிறம் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால், பார்வை மங்கினால், அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

காசநோய் வந்த என் தம்பிக்குத் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக வைத்திருக்கிறோம். சரிதானே? – வாசகர், தேவிபட்டினம்

தட்டிலும் பாயிலும் இந்த நோய் ஒட்டாது. இருமும்போது காற்றில் கலந்துதான் பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முதல் சில வாரம் மாஸ்க் போடட்டும், இருமும்போது துணியால் வாயை மூடட்டும். சளியை மூடி உள்ள டப்பாவில் துப்பி, ஃபினாயில் ஊற்றிவைத்து, பிறகு கழிப்பறையில் கொட்டலாம். சரியான மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். 1956-ல் சென்னையில் தொடங்கின ஆய்வு ஒன்றில் சில நோயாளிகளைச் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையிலும் சிலரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், அவர்கள் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுக்க டி.பி. வைத்தியம் வீட்டுக்கு வந்ததே அதன் பிறகுதான். தம்பியின் தட்டை உங்கள் தட்டோடு வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்து 20 நாள். நேற்று சூரை மீன் குழம்பு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் செக்கச்செவேல் என்று ஆகி, தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் அரிப்பு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? – வாசகர், மண்டபம்

நல்ல கேள்வி தம்பி. நம் கரையில் பலருக்கும் இது தெரியாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸில் வைக்காமல் வெயிலில் விட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். குழம்பைக் கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாதாரணமாக நம் உடம்பு அதை உடைத்துவிடும். ஐசோனியாசிட் அந்த வேலையைத் தடுக்கிறது. அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே குழம்பைச் சாப்பிட்டிருக்க, உங்களுக்கு மட்டும் முகம் சிவக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது மீனால் வந்தது போலத்தான் இருக்கிறது. நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல், டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். கோர்ஸ் முடிகிறவரை சூரை, கானாங்கெளுத்தி, சூரையில் செய்கிற மாசிக் கருவாடு மூன்றையும் தள்ளிவையுங்கள். காரல், முட்டை, பயறு நன்றாகச் சாப்பிடுங்கள். மறுபடி வந்து மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். சத்துணவுக்கு அரசு மாதம் 500 ரூபாய் தந்துவந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டீர்களா?

அப்பாவுக்கு 63 வயது. கரிமூட்டம் போடுகிறவர். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து குமட்டல், இப்போது 3 நாளாகச் சாப்பாடே இறங்கவில்லை. மூட்டுவலி, கால் எரிச்சலும் இருக்கிறது. எதைத் தாங்கிக்கொள்வது, எதற்கு ஓடுவது? – வாசகி, சாயல்குடி

முதலில் அப்பாவைப் பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கூட்டி வாருங்கள். டியூப்லைட்டில் தெரியாது. மேல் இமையைத் தூக்கி, கீழே பார்க்கச் சொல்லி, வெள்ளை விழியைப் பாருங்கள். மஞ்சள் தட்டியிருந்தால் இன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள் இல்லாவிட்டாலும் 3 நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றால் இன்றே போக வேண்டியதுதான், ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனை செய்வார்கள். சிறுநீரின் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சாகப் போவது இயல்பு, ஆபத்தில்லை.

மூட்டுவலி பெரும்பாலும் பைராசினமைட்டால் வருவது, அந்த மருந்து நிற்கும்போது தானும் போகும். கால் எரிச்சலும் மதமதப்பும் ஐசோனியாசிட்டால். பி6 வைட்டமின் மாத்திரை கொடுத்தால் சரியாகும். கேட்டு வாங்குங்கள்.

நம் மாநிலத்தில் 2022 முதல் காசநோய் இறப்பில்லா திட்டம் இருக்கிறது. எடை, உயரம், கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவரை வார்டில் சேர்த்துவிடுவார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டில் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, இரண்டு மணிக்கு ஒருதரம் சின்னக் கிண்ணத்தில் கஞ்சி கொடுங்கள். பெரிய தட்டைப் பார்த்தாலே குமட்டும். இருமலில் ரத்தம் வந்தால் மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். உட்காரவைத்துத் துப்பவிடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கரிமூட்டப் புகைப் பக்கமே அவர் இப்போது போகக் கூடாது.

மாமிக்குச் சர்க்கரையும் இருக்கிறது, டி.பி.யும் வந்துவிட்டது. ரமலானில் விட்டுப்போன நோன்பை இப்போது களா (ஈடு) செய்வேன் என்று பிடிவாதம். – வாசகி, கீழக்கரை

ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும். மருந்தளவை மாற்றவோ இன்சுலின் போடவோ வேண்டிவரும். இந்த நேரத்தில் நாள் முழுக்கத் தண்ணீரும் இல்லாமல் இருப்பது சரியில்லை. களா நோன்பைக் குணமான பிறகு வைக்க மார்க்கத்தில் இடம் இருக்கிறது. மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரை வீட்டுக்கு அழைத்து மாமியிடமே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் கேட்பார்கள், நாம் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

எனக்கு டி.பி. 5 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாமா? மாமியார் நிறுத்தச் சொல்கிறார். – வாசகி, வாலிநோக்கம்

கொடுங்கள் தாயி, தாராளமாகக் கொடுங்கள். பாலில் நோய் போகாது. மருந்தும் குழந்தையைப் பாதிக்கிற அளவுக்குப் பாலில் வராது. மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து கொடுங்கள். ஆனால் குழந்தையை இந்த வாரமே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தடுப்பு மருந்து தொடங்குவார்கள். வீட்டில் மற்றவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், ரிஃபாம்பிசின் அதன் பலனைக் கெடுத்துவிடும். காப்பர்-டி போன்ற வேறு வழியை நர்ஸிடம் கேளுங்கள். உங்கள் கண்ணீர்கூட லேசாக ஆரஞ்சாக வரலாம். அதைப் பார்த்து மாமியார் பயந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மாதாமாதம் உங்களையும் குழந்தையையும் எடை பார்த்து எனக்கு எழுதுங்கள்.