ஒரே வண்டியில் போனவர்கள்

அன்புள்ள ஐயா,

இதழியல் படித்து முடித்திருக்கிறேன். ஆற்று மணல் கொள்ளை பற்றிப் படம் எடுக்க வரும் வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் குழு ஒன்று, மொழிபெயர்க்கவும் ஆட்களைச் சந்திக்க வைக்கவும் என்னை அழைக்கிறது. பெயர் போட மாட்டார்களாம். போகலாமா? ஆப்கானிஸ்தானில் இந்த வேலை செய்து இறந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “தெரிந்துதானே போனார்கள், நல்ல சம்பளமும் வாங்கினார்கள்” என்றான் நண்பன். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ச.

அன்புள்ள ச.,

பெயர் விஷயத்தை விடுங்கள். மணல் விவகாரத்தில் பெயர் வராமல் இருப்பதே சில சமயம் பாதுகாப்பு. நண்பர் சொன்னது உங்களுக்குச் சரியாகப் பட்டதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். நானும் கொஞ்ச நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2007 மார்ச்சில், இத்தாலியின் லா ரெபுப்ளிகா நிருபர் டேனியலே மாஸ்ட்ரோஜாகமோ, அவருக்கு மொழிபெயர்த்த அஜ்மல் நக்‌ஷ்பந்தி, ஓட்டுநர் சையது ஆகா மூவரும் ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்து மாகாணத்தில் தலிபான்களிடம் சிக்கினார்கள். ஓட்டுநரைத் தலையறுத்துக் கொன்றார்கள். இத்தாலி நெருக்கியதும் அப்போதைய ஆப்கன் அதிபர் கர்சாயின் அரசு ஐந்து தலிபான் கைதிகளை விடுவித்து நிருபரை மீட்டது. அஜ்மலுக்கும் தலிபான்கள் அதே விலையைக் கேட்டபோது, இனி பேரம் கிடையாது என்றது அரசு. ஏப்ரல் 8 அன்று தலிபான்கள் அவரைக் கொன்றார்கள். கைவிட்டது அவருடைய சொந்த அரசு.

தெரிந்துதானே போனார்? ஆமாம். இத்தாலியரும் தெரிந்துதான் போனார். அவரிடம் யாராவது இப்படிக் கேட்டார்களா? வெளிநாட்டுக்காரர் தெரிந்து போனால் துணிச்சல், உள்ளூர்க்காரர் தெரிந்து போனால் அவர் தலையெழுத்து என்பது என்ன நியாயம்? சம்பளத்தையும் ஊரில் மற்றவர் வாங்குவதோடுதான் ஒப்பிடுகிறீர்கள். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் வேலை முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார். செய்தி வெளியான பிறகு அதில் அடிபட்டவர்களோடு அதே ஊரில் இருக்கப்போவது யார்? இதைக்கூட யோசிக்காமல் இதழியல் படித்தீர்களா?

அஜ்மலைப் போலவே வெளிநாட்டு நிருபர்களுக்கு மொழிபெயர்த்த இன்னொரு ஆப்கானியர் சுல்தான் முனாதி, ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்குக் காபூல் வந்தவர், நாட்டை விட்டு ஒரேயடியாகப் போய்விட மாட்டேன் என்று நியூயார்க் டைம்ஸ் வலைப்பதிவில் எழுதினார். சில நாட்களில், குந்தூஸில் நேட்டோ விமானங்கள் எண்ணெய் டேங்கர்கள்மீது குண்டு போட்ட இடத்துக்கு அந்த நாளிதழின் நிருபர் ஸ்டீபன் ஃபாரெலோடு போனார். தலிபான்கள் இருவரையும் கடத்தினார்கள். 2009 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் கமாண்டோக்கள் வந்து ஃபாரெலை ஹெலிகாப்டரில் ஏற்றிப் போனார்கள். ‘ஜர்னலிஸ்ட், ஜர்னலிஸ்ட்’ என்று கத்தியபடி முன்னால் வந்த முனாதி துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஒரு பிரிட்டிஷ் வீரரும் இறந்தார். முனாதியின் உடலை அங்கேயே விட்டுவிட்டார்கள், குடும்பத்தார்தான் போய் எடுத்து வந்தார்கள். ஆப்கன் பத்திரிகையாளர்கள் இதை மனிதத்தன்மையற்ற செயல் என்று கண்டித்தார்கள். அப்போது நான் வேலை பார்த்த நாளிதழில் ‘கடத்தப்பட்ட நிருபர் மீட்பு’ என்றுதான் தலைப்பு போனது. முனாதி மூன்றாம் பத்தியில் வந்தார்.

செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. 2021 ஆகஸ்டில் காபூல் தலிபான்களிடம் விழுந்தபோது அதே நியூயார்க் டைம்ஸ் தன் ஆப்கன் ஊழியர்களையும் குடும்பங்களையும் மெக்சிகோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மனம் வைத்தால் முடிகிறது.

சரி, உங்கள் விஷயம். போங்கள் தம்பி, நல்ல வேலை. ஆனால் படம் ஒளிபரப்பானதும் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், மணல் லாரிக்காரர்கள் உங்கள் தெருவுக்குத்தான் வருவார்கள். அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, வழக்குப் போட்டால் வக்கீல் யார், சில மாதம் வெளியூரில் இருக்க நேர்ந்தால் வாடகை யார் தருவார், தங்கள் நிருபருக்கு எடுக்கும் காப்பீட்டை உங்களுக்கும் எடுப்பார்களா? எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.