நோயாளியைப் பார்க்கப் போகும் வீட்டில் பிள்ளையையும் பாருங்கள்

"வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் சிறுவர்களைச் சமூகப் பணியாளர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்த பிறகு என்ன உதவி செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கிலாந்தில், பெரியவர்களுக்கான சமூகப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அதனால் கீழே வரும் சட்ட விஷயங்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும்.

முதலில் நான் தவறவிட்ட ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோயால் நடக்க முடியாமல் போன ஒரு தாய். குளியலறையில் பிடிமானக் கம்பியும் நாற்காலியும் தேவையா என்று பார்க்கப் போயிருந்தேன். "மதிய மாத்திரை எப்போது போடுவீர்கள்?" என்று அவரைக் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்ற மகன் பதில் சொன்னான்: "ரெண்டு மணிக்கு. நான் ஸ்கூலுக்குப் போகும்போது சின்னக் கிண்ணத்தில் எடுத்து வச்சிட்டுப் போவேன்." பதினொரு வயதுதான் இருக்கும். பள்ளிச் சீருடையில் இருந்தான், காலில் மட்டும் ஷூ இல்லை. நல்ல பிள்ளை என்று பாராட்டினேன். படிவத்தில் "மகன் உதவியாக இருக்கிறான்" என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் அவன் ஏன் வீட்டில் இருந்தான் என்ற கேள்வி எனக்கு மூன்றாவது தடவை போனபோதுதான் உறைத்தது.

அடிக்கடி நடப்பது இதுதான். பிள்ளை நம் கண் முன்னாலேயே நிற்கும். நாம் நோயாளியைப் பார்க்கப் போனதால் பிள்ளையைக் கேட்க மாட்டோம். "பொறுப்பான பிள்ளை" என்று யாராவது சொன்னால் அங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். கேள்வியை அம்மாவிடம் கேட்டால் அவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாரா? மருந்தின் பெயரும் அளவும் பிள்ளைக்கு மனப்பாடமா? பள்ளிக்குத் தாமதம், வகுப்பில் தூக்கம், கையை விட்டு இறங்காத போன், நண்பர்கள் கூப்பிட்டாலும் போகாதது, இவையும் அடையாளங்கள்தான்.

மனநோயோ குடிப்பழக்கமோ உள்ள வீடுகளில் இது இன்னும் கண்ணில் படாது. அங்கே பல நேரம் பிள்ளை யாரையும் தூக்கி உட்கார வைப்பதில்லை, மாத்திரை எடுத்துக் கொடுப்பதில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தே இன்றைய நாள் எப்படிப் போகும் என்று கணிப்பதும், ராத்திரி அவர் தூங்கினாரா என்று எழுந்து பார்ப்பதும்தான் அதன் வேலை. புலம்பெயர்ந்த குடும்பங்களில் இன்னொன்றும் உண்டு: டாக்டர் சொல்வதை அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது. கெட்ட செய்தியை முதலில் கேட்பதும், அதை அம்மாவிடம் சொல்வதும் பிள்ளைதான். தயவுசெய்து மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள்.

எப்படிக் கேட்பது? "நீ பராமரிப்பாளரா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது அம்மாவுக்குச் செய்வது, அதற்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது. தனியாக உட்கார வைத்து, காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும் வரை என்னென்ன செய்தாய் என்று கேளுங்கள். அப்புறம், "நீ இல்லாத நாளில் இதையெல்லாம் யார் செய்வார்கள்?" பல பிள்ளைகள் இந்தக் கேள்வியில் மௌனமாகிவிடுவார்கள். மாகா, பேனாக் என்று இரண்டு வினாத்தாள்களும் இருக்கின்றன. முன்னதில் 18 கேள்விகள், பிள்ளை என்னென்ன செய்கிறது என்று அறிய. பின்னதில் 20, அது பிள்ளையின் மனதை எப்படிப் பாதிக்கிறது என்று அறிய. நல்ல கருவிகள்தான். ஆனால் பேச்சைத் தொடங்க அவற்றை நீட்டாதீர்கள்.

பிள்ளைகள் மறைப்பதற்குப் பெரிய காரணம் பயம். சொன்னால் அம்மாவிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்ற பயம். தாய்க்கும் அதே பயம் இருக்கும். வீட்டுக்கு உதவி கொண்டுவரத்தான் வந்திருக்கிறேன் என்று இருவரிடமும் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். ஆபத்து என்று தெரிந்தால் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டப்படி, இன்னொருவரைப் பராமரிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உதவி தேவைப்படலாம் என்று தெரிந்தாலே உள்ளாட்சி மன்றம் தேவை மதிப்பீடு செய்ய வேண்டும். யாரும் மனு போடத் தேவையில்லை. 2015 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை செய்யும் வேலை அதன் வயதுக்குத் தகுந்ததா, அளவுக்கு மீறியதா என்பதையும் அதில் முடிவு செய்ய வேண்டும்.

நம் துறையில் நான் அடிக்கடி பார்க்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. பெரியவரின் தேவையைக் கணக்கிடும்போது பிள்ளை செய்கிற வேலையைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் ஆள் அனுப்புவது. அது கூடாது. பிள்ளையே அந்த வீட்டில் இல்லை என்று வைத்துக்கொண்டு தாய்க்கு என்ன தேவை என்று எழுதுங்கள். பிள்ளைக்கு விளையாட்டுக் குழு, சுற்றுலா எல்லாம் நல்லதுதான். ஆனால் திரும்பி வந்ததும் அதே வேலை காத்திருந்தால் என்ன பயன்? தாய்க்குச் சரியான உதவி கிடைப்பதுதான் பிள்ளைக்குச் செய்யும் முதல் உதவி. மற்றவை அதற்குப் பிறகு: பள்ளியில் விஷயம் தெரிந்த ஓர் ஆசிரியர், திடீரென்று அம்மா விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதிய ஒரு தாள், நோயைப் பற்றி வயதுக்கேற்ற விளக்கம். 18 வயதை நெருங்குபவருக்கு, அடுத்து என்ன என்று திட்டமிடத் தனி மதிப்பீடு உண்டு.

எல்லா வேலையையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிடவும் வேண்டாம். பிறகு அந்தப் பையன் வீட்டுக்குத் தினமும் காலை ஏழரைக்குப் பராமரிப்புப் பெண் ஒருவர் வரத் தொடங்கினார். குளியல், உடை, மாத்திரை எல்லாம் அவர் பொறுப்பு. எதையாவது நீயே செய்ய விரும்புகிறாயா என்று அவனிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "தலை மட்டும் நானே வாரி விடறேன். அவங்க இழுத்து வாருவாங்க, அம்மாவுக்கு வலிக்கும்."

திட்டத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டோம்.